முதல் ஸ்வெட்டர் பின்னும்போது கை ஏன் வலிக்கிறது?

ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொள்கிறேன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் சுருக்கென்று குத்துகிறது என்று சொல்லிக்கொண்டு மழைக்காலம் தொடங்கினாலே யாராவது வந்துவிடுகிறார்கள். சென்னை தண்டையார்பேட்டையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்த ஊர் வெக்கையில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்காதீர்கள். பிறக்கப்போகும் பேரனுக்கு, பெங்களூரில் வேலை கிடைத்த மகளுக்கு, கனடாவுக்குப் படிக்கப் போகிற தம்பிக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் இருக்கிறார். அதனால்தான் வலித்தாலும் விடமாட்டேன் என்கிறார்கள். நானும் விடச் சொல்வதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வலிக்குக் காரணம் ஊசி மட்டும் இல்லை, ஊசியை எடுக்கும் முன்பே அந்தக் கை ஒரு முழுநாள் வேலையை முடித்திருக்கிறது. காலையில் தண்ணீர் லாரி வந்ததும் குடத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கியது, துணி பிழிந்தது, மாவு பிசைந்தது எல்லாம் அதே கைதான். காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கப் போகிறவர்கள், வண்ணாரப்பேட்டையில் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர்கள் என்றால் இன்னும் மோசம். இவ்வளவுக்கும் அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டிலில் சாய்ந்து, டிவி வெளிச்சத்தில், பழகாத ஒரு வேலையை இரண்டு மணி நேரம் குனிந்தபடி செய்தால் மணிக்கட்டு என்ன செய்யும்?

புதிதாகப் பின்னுகிறவர் கண்ணி, அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையம், நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றுக்கும் நூலை இழுத்து இறுக்குவார். இறுகின கண்ணிக்குள் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது, கட்டைவிரலால் தள்ள வேண்டியிருக்கும். தள்ளத் தள்ள ஊசியை இன்னும் கெட்டியாகப் பிடிப்பார். 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை வருகிற நூல் என்று வையுங்கள். 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள ஒரு ஸ்வெட்டரின் முதுகுப் பக்கத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 17,000 கண்ணி ஆகிறது. அத்தனை தடவையும் கட்டைவிரல் அழுத்துகிறது. கட்டைவிரலை விரிக்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறை வழியாகத்தான் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போனால் நாண் நகரும்போதெல்லாம் வலி. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெயின் 1895இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரிலேயே இன்றும் சொல்கிறோம். கட்டைவிரலை உள்ளே மடக்கி விரல்களை மூடிக்கொண்டு, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் கடுமையாகக் குத்தினால் அதுவாக இருக்கலாம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற தாய்மார்களுக்கு ஊசியே இல்லாமலும் இது வரும்.

கர்ப்பிணிகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, பொழுது போகட்டும் என்று முதல் முறையாக ஊசியைத் தொடுகிறவர்கள் நிறைய. கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கோக்கும். மணிக்கட்டின் நடுவில் எலும்புக்கும் அதை மூடியிருக்கும் நார்ப்பட்டைக்கும் இடையே ஒரு சுரங்கம் மாதிரி வழி இருக்கிறது, அதற்குள் போகிற நரம்பு அப்போது நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை மரத்துப்போகும், சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கும். நள்ளிரவில் விழிப்பு வந்து கையை உதறினால்தான் சரியாகும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு இது தானாகவே குறைந்துவிடும், பயப்பட வேண்டாம். அதுவரை தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டையைப் போட்டுக்கொண்டு, பின்னும் நேரத்தைக் குறைத்தாலே பலருக்குப் போதும். கர்ப்பமும் இல்லை, ஆனாலும் இரண்டு கையும் மரக்கிறது என்றால் சர்க்கரையும் தைராய்டும் பரிசோதிக்காமல் விடாதீர்கள்.

இதையெல்லாம் வாயு, சுளுக்கு என்று நினைத்துத் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள், கட்டைவிரலைப் பிடித்து இழுத்துச் சுளுக்கு எடுக்கிறார்கள். ஏற்கெனவே தடித்து வீங்கின உறையை இழுத்தால் இன்னும்தான் வீங்கும். தயவுசெய்து வேண்டாம்.

"அப்ப ஊசியத் தூக்கிப் போட்டுடவா மேடம்?" என்று கேட்பார்கள். வேண்டாம், நூலையும் ஊசியையும் கொஞ்சம் மாற்றினால் போதும். நம் ஊருக்குப் பருத்தி நூல்தானே நல்லது என்று பாரிமுனையில் வாங்கி வந்து அதிலேயே முதல் ஸ்வெட்டரை ஆரம்பிக்கிறார்கள். பருத்தி உடுத்த நல்லதுதான், ஆனால் அது நீண்டு கொடுக்காது, ஒவ்வொரு கண்ணியிலும் அந்த இழுப்பை விரல்தான் தாங்க வேண்டும். கம்பளியோ, பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மெத்தென்ற நூலோ முதல் தடவைக்குக் கைக்கு இதம். நிறம் வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணியைத் தேடித் தேடிக் கழுத்து குனிந்துவிடும், கழுத்து பிடித்துக்கொண்டால் அந்த வலி தோளுக்கும் இறங்கும். நீளமான இரட்டை ஊசிக்குப் பதிலாக நடுவில் கேபிள் உள்ள வட்ட ஊசி வாங்குங்கள். ஸ்வெட்டர் வளர வளர அதன் கனம் மடியில் கிடக்கும், மணிக்கட்டில் தொங்காது. கண்ணியை ஊசியின் கூர்முனையிலேயே முடித்துவிடாமல் தடித்த பகுதி வரை இறக்கிப் போடுங்கள், தானாகவே தளரும்.

ஸ்வெட்டரை ஆரம்பிக்கும் முன் 10 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னிப் பாருங்கள். அளவு தெரிவதற்காகத்தான் அதைப் பின்னச் சொல்வார்கள், எனக்கு அது கைக்கான பரிசோதனையும்கூட. அந்தச் சின்னத் துண்டுக்குள்ளேயே கை கடுத்தால் பிடி இறுக்கம் என்று அர்த்தம், ஒரு சைஸ் பெரிய ஊசிக்கு மாறுங்கள். முதுகுக்குச் சாய்மானமும் இரண்டு முழங்கைகளுக்கு அடியிலும் ஒவ்வொரு தலையணையும் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து விரல்களை விரித்து மடக்குங்கள். வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன் என்று உட்கார்ந்தே இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அன்றைக்குத் துணி நிறைய துவைத்திருந்தால் அன்று ஊசியைத் தொடவே வேண்டாம்.

இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் குறையவில்லை, கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரல் அடிச் சதை வற்றுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைத் துறை இருக்கிறது, டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது, வெளியூரிலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள். அங்கே போனாலும் என் மாதிரி யாரிடம் போனாலும் பாதி பின்னிய ஸ்வெட்டரை ஊசியோடு பையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு வரிசை பின்னிக் காட்டினால், எங்கே இறுக்குகிறீர்கள் என்று பார்த்தே சொல்லிவிட முடியும்.