பேட்டரி கூண்டு: சரியான தமிழ் எது?

பேட்டரி என்றவுடன் டார்ச் விளக்கு நினைவுக்கு வரும். அதனால் ஆங்கிலத்தின் 'battery cage' என்பதை 'மின்கலக் கூண்டு' என்று பெயர்த்துவிடக் கூடாது. முட்டைக்கோழி அடைபடும் இந்தக் கூண்டுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை.

'அடித்தல்' என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. கோட்டைச் சுவரை இடிக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்குப் பெயரானது. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னேற்றம் தேக்கும் கண்ணாடித் தகடுகளை வரிசையாக இணைத்து அதற்கும் இதே பெயரை வைத்தார். ஒரே மாதிரிப் பொருள்களின் வரிசை என்ற அந்தப் பொருளில்தான் கூண்டுக்கும் ஒட்டிக்கொண்டது. பெயர் சொல்வது அடுக்கிய விதத்தை. உள்ளே இருக்கும் உயிரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

கூண்டின் கம்பிவலைத் தரை முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். இட்ட முட்டை உருண்டு வெளித்தொட்டிக்கு வந்துவிடும். எச்சம் வலைக்கண் வழியே கீழே விழும். முட்டை அழுக்காகாது, ஆள்வேலையும் குறைவு. ஆனால் கிளறவும் மண்ணில் புரளவும் அங்கே வழியில்லை. கால் நகம் தேயாமல் வளைந்து நீளும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில், இரை உண்ணாத நேரத்தில் உருவாவதால் அதில் ஒரு பங்கு எலும்பிலிருந்தே போகிறது. நடையும் சிறகடிப்பும் இல்லாத எலும்பு இந்த இழப்பைத் தாங்காது. கோழியைக் காலைப் பிடித்து வெளியே இழுக்கும்போது முறிவதும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் கோழி ஒன்றுக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்றிருந்த வெறுங்கூண்டை 2012 ஜனவரி முதல் தடை செய்தது. ஒரு ஏ4 தாளே ஏறத்தாழ 624 வரும். அதற்குப் பிறகும் அனுமதிக்கப்பட்ட கூண்டில் கோழிக்கு 750, கூடவே முட்டையிட மறைவிடம், அமரக் கம்பு, கிளற இடம். ஆங்கிலத்தில் 'enriched cage' எனப்படும் இதைச் 'செறிவூட்டிய கூண்டு' என்றால் யுரேனியம்தான் நினைவுக்கு வரும். 'வசதி சேர்த்த கூண்டு' போதும்.

பேட்டரி கூண்டுக்கு 'அடுக்குக் கூண்டு' பொருந்தும். 'சிறைக் கூண்டு' என்பது தீர்ப்பு, கலைச்சொல் ஆகாது. 'கூடு' என்றும் சுருக்க வேண்டாம். கோழிக்கூடு என்ற வழக்கு உண்டுதான். ஆனால் பறவை தானே கட்டுவதும் கூடுதான், இந்தக் கோழிக்கு இல்லாததும் அதுதான்.

இன்னொரு குழப்பம்: 'கூண்டில்லா வளர்ப்பு' வேறு, 'திறந்தவெளி வளர்ப்பு' வேறு. முன்னதில் கோழி கொட்டகைக்குள்ளேயே ஆயுளைக் கழிக்கலாம்.