வலிப்படக்கி

பக்கத்து வீட்டு அக்காவின் நாய்க்கு வலிப்பு. மருந்தோடு வந்த தமிழ்த் தாளில் ‘வலிப்பு நிவாரணி’ என்று அச்சடித்திருந்தார்கள். அக்கா அதை ‘வலி நிவாரணி’ என்றே வாசித்திருக்கிறார். நாய் வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது, வலி போய்விட்டது என்று மூன்றாம் வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டே நாளில் மறுபடி இழுத்தது.

வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோமே, அதேதான். கை கால் இழுத்துக்கொள்வதால் வலிப்பு. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் எபிலெப்சி; அது கிரேக்கச் சொல், ‘பிடித்துக்கொள்வது’ என்று பொருள். அதுவும் பொருத்தமே.

என் தகராறெல்லாம் நிவாரணியோடுதான். வடமொழியில் நிவாரணம் தடுத்தலைக் குறிக்கும், சரி. ஆனால் நம் காதில் விழுவது என்ன? வெள்ள நிவாரணம், புயல் நிவாரணம். எல்லாம் அடித்து ஓய்ந்த பிறகு வருவது! இந்த மருந்தோ வலிப்பு வராத நாளிலும் உள்ளே போக வேண்டும். ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தை வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். இரத்தத்தில் அதன் அளவு நிலைப்படவே சுமார் 2 வாரம் ஆகும், பொட்டாசியம் புரோமைடு என்ற இன்னொரு மருந்துக்கு 3 மாதம்கூட ஆகலாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு. நோயை இது தீர்ப்பதில்லை, அடக்கி வைக்கிறது.

அதனால்தான் வலிப்படக்கி என்கிறேன். இந்த நோய்க்கு முயலகன் என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. நடராசர் காலடியில் கிடப்பவனும் அவனே. அவன் செத்துப்போகவில்லை, அடங்கிக் கிடக்கிறான். காலை எடுத்தால் எழுந்துவிடுவான். இதைவிட நல்ல மருந்துச் சீட்டு ஏது?

‘எதிர்வலிப்பு மருந்து’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். எதிரே வருகிற வலிப்பா அது? ஆங்கிலத்தில் ‘ஆன்டி’ என்ற முன்னொட்டைக் கண்டதும் ‘எதிர்’ முத்திரை குத்தும் கை, பொருளைப் பார்ப்பதில்லை.

அப்புறம் அதே தாளில் இன்னொரு கூத்து. புரோமைடு பற்றிய வரியில் ஆங்கில மூலத்தில் நாய் என்று தெளிவாக இருக்கிறது, தமிழில் ‘செல்லப்பிராணிகள்’ ஆகிவிட்டது. புரோமைடு பூனைக்கு நுரையீரல் அழற்சியைத் தரக்கூடியது, அதனால் பூனைக்கு அதைத் தவிர்ப்பார்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்து அனுமதி வேறு கிடைத்திருக்கிறது. ‘நாய்’ என்று எழுத இரண்டு எழுத்து போதுமே!

அக்கா வீட்டில் பூனையும் இருக்கிறது.