ஃபெலோஷிப் – ஆய்வு நல்கை

பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு ஃபெலோஷிப் என்று செய்தி வந்தால், நம் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘உதவித்தொகை’ என்று போட்டுவிடும். படிப்புக்குத் தரும் ஸ்காலர்ஷிப்புக்கும் அதே சொல்தான், மாதாமாதம் தரும் ஸ்டைபெண்டுக்கும் அதேதான்.

ஃபெலோ என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. மூலச்சொல் ‘ஃபேலகி’. ‘ஃபே’ என்றால் கால்நடை, அதிலிருந்து செல்வம், பணம். ‘லக்’ என்றால் கீழே வைப்பது. ஆக, ஒரு தொழிலில் தன் பங்குப் பணத்தை வைத்துச் சேர்ந்த கூட்டாளியே ஃபெலோ. (கால்நடையும் செல்வமும் ஒரே சொல்லாக இருப்பது நமக்குப் புதிதல்ல. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் ‘மாடு’ என்பதற்குச் செல்வம் என்றுதான் பொருள்.) பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் உறுப்பினரை அப்படி அழைத்தார்கள். ஆராய்ச்சிப் பொறுப்பையும் அதற்குரிய பணத்தையும் குறித்தது அதற்கும் பின்னால்தான்.

பழைய பொருள் இன்னும் செத்துவிடவில்லை. 2014-இல் பிரிட்டன் அரசின் நிதியில், ஆப்பிரிக்காவில் பருவநிலை ஆய்வுக்கென ‘சர்க்கிள்’ என்ற ஃபெலோஷிப் திட்டம் தொடங்கியது. நைரோபியில் உள்ள ஆப்பிரிக்க அறிவியல் கழகமும் காமன்வெல்த் பல்கலைக்கழகங்களின் சங்கமும் சேர்ந்து நடத்தின. ஆய்வுப் பணியின் தொடக்கத்தில் இருப்பவர் வேறோர் ஆப்பிரிக்க நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய்ந்தார். அங்கே ஒரு மேற்பார்வையாளர், சொந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழிகாட்டி. பணம் ஒருவர் தர, இடம் இன்னொருவர் தர, சொந்த நிறுவனம் தன் ஆளையே அனுப்பிவைத்தது. இதை உதவித்தொகை என்றால் பாதிதான் சொன்னதாகும்.

இத்தகைய ஃபெலோஷிப் ஏன் தேவை என்பதற்குப் பணக்கணக்கையும் பார்க்க வேண்டியதுதான். 1990 முதல் 2020 வரை உலகப் பருவநிலை ஆய்வு நிதியில் ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வுகளுக்குப் போனது 3.8 விழுக்காடு. அதிலும் 78 விழுக்காடு ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு, ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு வெறும் 14.5 விழுக்காடு. வறட்சி ஓரிடத்தில், அதை ஆராயும் சம்பளம் வேறிடத்தில்!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தோழமை’ மூலத்துக்கு மிக நெருக்கம். ஆனால் ‘ஆய்வுத் தோழமை’ என்றால் கட்சிக் கூட்டம் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘புலமைப்பரிசில்’ அழகான சொல், ஆனால் அது ஸ்காலர்ஷிப்புக்கே உரியது, ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் அதே பெயர். ‘மானியம்’ என்றால் எரிவாயு உருளைதான் கண்முன் வரும்.

எஞ்சுவது ‘நல்கை’. நல்குதல் என்றால் விரும்பிக் கொடுத்தல், புரவலர் பாணருக்கு நல்கியது போல. கூட்டாளி என்ற பொருள் இதில் இல்லை என்பது குறைதான். இருந்தாலும் ‘உதவி’ என்பதில் உள்ள இரக்கத் தொனி இதில் இல்லை, பல்கலைக்கழக நல்கைக் குழு என்று ஏற்கெனவே புழங்கியும் வருகிறது. எனவே ஃபெலோஷிப் ‘ஆய்வு நல்கை’, ஃபெலோ ‘நல்கை ஆய்வாளர்’. அரசுத் துறைகளில் கொள்கை வகுப்போருக்கென்று தருவதைக் ‘கொள்கை ஆய்வு நல்கை’ எனலாம். மாதாமாதம் கைக்கு வரும் பணத்தை மட்டும் குறிக்கும்போது ‘உதவித்தொகை’யே போதும்.