சிவப்புப் பள்ளிவாசலின் கோடுகள் எங்கே போயின?

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைப் படம் எடுக்காதவர்கள் கொழும்பில் குறைவு. 1909இல் கட்டி முடிந்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் அது. சுவரெங்கும் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். நானும் எடுத்தேன். போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, வெள்ளவத்தையில் ஒரு கடையில் பிரின்ட் போட்டேன். கைக்கு வந்தது லேசாகப் பச்சை படிந்த சாம்பல் படம். கோடுகளைக் காணவில்லை.

"அண்ணை, அந்தப் பேப்பர் அப்பிடித்தான்" என்றார் கடைத் தம்பி. அவர் சொன்னது பாதி உண்மை.

மற்றப் பாதி என் பிழை. கமெராவின் சென்சருக்கு நிறம் தெரியாது. விழும் ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் சென்சரின் புள்ளிகள் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பதித்திருப்பார்கள். நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை. இந்த மூன்று நிற அளவுகளையும் ஒரே சாம்பல் எண்ணாக்குவதுதான் கறுப்பு வெள்ளை மாற்றம். எதை எவ்வளவு கலப்பது? தொலைக்காட்சிக் காலத்துக் கணக்கொன்று இன்றும் புழங்குகிறது: பச்சை 59, சிவப்பு 30, நீலம் 11 சதவீதம். நம் கண்ணுக்குப் பச்சைதான் கூடுதல் வெளிச்சமாகத் தெரியும் என்பதால் அப்படி.

நானோ வானம் கறுத்து மிரட்டலாக வரட்டும் என்று ஆப்பில் சிவப்பு ஃபில்டரைத் தட்டியிருந்தேன். நீல வானத்தில் சிவப்பு ஒளி குறைவு, ஆகவே வானம் கறுத்தது. சிவப்புச் சுவரும் வெள்ளைச் சுவரும் சிவப்பு ஒளியை ஏறக்குறைய ஒரேயளவு திருப்பி அனுப்புபவை. இரண்டும் வெளிறி ஒன்றாகிவிட்டன. பச்சையைக் கூட்டியிருந்தால் சிவப்புக் கோடுகள் கறுத்து எழுந்திருக்கும்.

இனி பச்சைப் படிவு. கடைகளில் பெரும்பாலும் இருப்பது கலர் பேப்பர். அதில் கறுப்பு என்றொரு சாயமே கிடையாது. சியான் (பச்சை கலந்த நீலம்), மஜெண்டா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றும் சரிசமமாகச் சேர்ந்தால்தான் சாம்பல். மஜெண்டா கொஞ்சம் குறைந்தாலும் பச்சை தலைகாட்டும். கலர் படத்தில் யாரும் கவனிக்காத அந்தப் பிசகு, வேறு நிறமே இல்லாத படத்தில் அப்பட்டமாகத் தெரியும். கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) காலத்து இருட்டறைப் பேப்பரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கறுப்பு என்பது வெள்ளித் துகளேதான்.

இன்று அதற்குக் கிட்ட வருவது, கறுப்போடு இரண்டு மூன்று சாம்பல் மைகளும் உள்ள இங்க்ஜெட், அதாவது மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் பிரின்டர். மங்கலான இடத்தில் கறுப்புப் புள்ளிகளை ஐதாகத் தூவாமல் வெளிர் சாம்பலை நெருக்கமாக இடும். நிற மை மிகக் குறைவாகவே வேண்டும், படிவும் குறையும்.

இன்னொன்று: போன் திரை தானே ஒளிர்கிறது, தாள் அப்படியல்ல. பளபளப்புத் தாளின் ஆழ்ந்த கறுப்பும் விழும் ஒளியில் ஏறத்தாழ அரை முதல் 1 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பளபளப்பில்லாத மட் தாளில் 2 சதவீதத்துக்கும் மேல். ஆகவே திரை வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்து, படத்தின் இருண்ட இடங்களைச் சற்று வெளிச்சமாக்கிவிட வேண்டும். 8க்கு 10 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 2400க்கு 3000 புள்ளி போதும், 7 மெகாபிக்சல்தான்.

இரண்டாம் முறை பச்சையைக் கூட்டி, சாம்பல் மை உள்ள இடமொன்றில் முதலில் ஒரு சிறு துண்டு மட்டும் அடிக்கச் சொல்லி, வீட்டு ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். சரி என்று பட்டதும் முழுப் படம். கோடுகள் எல்லாம் எண்ணலாம்போல நின்றன. வெள்ளவத்தைத் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது என்ன பேப்பர் அண்ணை?" என்று கேட்டார்.