பணம் கொடுக்கும்போது மூளை எதை அளக்கிறது?

ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சில நொடிகளுக்குள் மூளையில் என்ன நடக்கிறது என்பதை அறிய, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் நட்சனும் சக ஆய்வாளர்களும் 26 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். முதலில் பொருளின் படத்தையும், பிறகு அதன் விலையையும் காட்டி, அதன் பின்னரே வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிடித்த பொருளைக் கண்டபோது மூளையின் உட்பகுதியில், இன்பத்தை எதிர்நோக்கும்போது செயல்படும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் தூண்டப்பட்டது. விலை மிகையாகத் தோன்றியபோது இன்சுலா தூண்டப்பட்டது. இவற்றின் செயல்பாட்டைக் கொண்டு, ஒருவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அவருடைய முடிவை ஓரளவு கணிக்கவும் முடிந்தது. இன்சுலா உடல் வலியின்போதும் அருவருப்பின்போதும் செயல்படும் பகுதி. அது வேறு பல வேலைகளையும் செய்வதால், விலையைக் கண்டு மூளைக்கு வலித்தது என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனால், பணம் கொடுப்பது ஒருவகை வலி என்று பொருளியலாளர்கள் முன்பே சொல்லிவந்த கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

அக்கருத்தை முறையான கோட்பாடாக 1998-இல் எழுதியவர்கள் டிரேசன் பிரெலெக்கும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும். செலவின் வலியும் நுகர்வின் இன்பமும் மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றும், அந்தப் பிணைப்பு தளரும்போது வலி குறையும் என்றும் அவர்கள் விளக்கினார்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தவணையில் பணம் கட்டச் சம்மதிப்பவர்கள், விடுமுறைப் பயணத்துக்கு மட்டும் முன்கூட்டியே முழுப் பணத்தையும் கட்டிவிட விரும்புவதற்கு இதுவே காரணம்: கடன் பாக்கி நினைவில் உறுத்திக்கொண்டிருந்தால் பயணம் இனிக்காது. 2001-இல் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் அமெரிக்காவின் எம்ஐடி மேலாண்மை மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டபோது, கடன் அட்டையில் செலுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகச் செலுத்த வேண்டியவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தொகை கேட்டார்கள்.

இந்த ஏலத்தை எடுத்துக்காட்டி, 2016-இல் அறிமுகமான யுபிஐ-யால்தான் நம் செலவு கட்டுமீறிப் போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த முடிவு அவசரமானது என்பது என் கருத்து. 17 நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2024-இல் வெளியான தொகுப்பாய்வு, ரொக்கமில்லாச் செலவில் தொகை கூடுவது உண்மைதான் என்றாலும் அந்த விளைவு சிறியது என்றும், காலப்போக்கில் அது மங்கி வருகிறது என்றும் காட்டுகிறது. புதிய கருவி பழகிப்போகும்போது அதன் மயக்கமும் குறைகிறது என்று கொள்ளலாம்.

வலி அதிகமாக இருந்தால் செலவு செம்மையாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், லோவன்ஸ்டைன் ஆகிய மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, செலவழிக்கவே வலிக்கும் கஞ்சர்களையும் வலியே தெரியாத ஊதாரிகளையும் ஒப்பிட்டது. விரைவு அஞ்சலுக்கான 5 டாலர் கட்டணத்தை, சிறிய 5 டாலர் கட்டணம் என்று எழுதிக் காட்டியதுமே கஞ்சர்களில் கூடுதலானோர் அதைச் செலுத்த இசைந்தார்கள். ஊதாரிகளிடம் அந்தச் சொல் பெரிய மாற்றத்தை ஏற்படுத்தவில்லை. தொகை அப்படியே இருக்க, ஒரு சொல்லால் ஏறி இறங்கும் வலிக்கு, அந்தச் செலவு நமக்கு உகந்ததா என்ற கேள்வியோடு எந்தத் தொடர்பும் இல்லை. அது விலையைப் பார்க்கிறது, பணம் கண்ணெதிரே கைமாறுகிறதா என்பதைப் பார்க்கிறது. நாம் எதைப் பெரிதாக மதிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் உகந்த செலவை எப்படி அளப்பது? சாண்ட்ரா மாட்ஸ், ஜோ கிளாட்ஸ்டோன், டேவிட் ஸ்டில்வெல் ஆகியோர் பிரிட்டனில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்கள் 625 பேருடைய 76,000-க்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளை எடுத்து, ஒவ்வொரு செலவினமும் எத்தகைய ஆளுமையோடு பொருந்தும் என்று வகைப்படுத்தினார்கள். மதுக்கூடச் செலவு கலகலப்பானவர்களுக்கும் அறக்கொடை இணக்கமானவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோன்ற வகைப்பாடு அது. தம் இயல்போடு பொருந்திய செலவுகளைச் செய்தவர்கள் வாழ்க்கையில் கூடுதல் மனநிறைவோடு இருந்தார்கள் என்பதும், மொத்த வருமானத்தையும் மொத்தச் செலவையும்விட இந்தப் பொருத்தமே மனநிறைவோடு வலுவாக இணைந்திருந்தது என்பதும் 2016-இல் வெளியான முடிவுகள். இணைந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதால், அவர்கள் ஒரு சோதனையும் செய்தார்கள். சிலருக்குப் புத்தகக் கடையிலும் சிலருக்கு மதுக்கூடத்திலும் செலவழிக்கச் சீட்டுக் கொடுத்தார்கள். ஒதுங்கி இருக்க விரும்புவோர் புத்தகக் கடையில் மகிழ்ந்தார்கள், மதுக்கூடத்தில் மகிழவில்லை. ஆளுமையும் விழுமியமும் ஒன்றல்ல என்றாலும், ஒருவருக்கு வீண் என்று படுவது இன்னொருவருக்கு நிறைவு தரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பொருத்தத்தை மூளை தானாக அளக்காததால், அதைக் கடைக்குப் போவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டியிருக்கிறது. அதற்கு உதவுவது, 2017-இல் நோபல் நினைவுப் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் விளக்கிய மனக்கணக்கு. பணம் எல்லாம் ஒன்றுதான் என்று பொருளியல் பாடநூல் சொன்னாலும், மனிதர்கள் அதற்குப் பெயரிட்டுத் தனித்தனியே வைக்கிறார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை, வீட்டில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் எளிதில் யாரும் தொடுவதில்லை. அஞ்சறைப் பெட்டிக்குள் சேரும் சிறுவாட்டுக்கும் ஓரளவுக்கு அதே பாதுகாப்பு உண்டு. திலீப் சோமனும் அமர் சீமாவும் இந்தியத் தொழிலாளர் குடும்பங்களிடையே நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சேமிப்புக்கென ஒதுக்கிய கூலியை ஒரே உறையில் இட்டவர்களைவிட, இரண்டு உறைகளாகப் பிரித்து ஒட்டி வைத்தவர்கள் அதிகமாகச் சேமித்தார்கள். உறையின்மேல் பிள்ளைகளின் படம் இருந்தபோதும் சேமிப்புக் கூடியது. ஒட்டிய உறையைக் கிழிப்பதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. முதல் உறையைக் கிழித்துவிட்டாலும் இரண்டாவதன் முன் மறுபடியும் நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளையின் படம் அந்தக் கணத்தில், இந்தப் பணம் எதற்காக என்ற கேள்வியை எழுப்புகிறது. சேமிக்க வேண்டிய தொகையை மாதத் தொடக்கத்திலேயே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அந்தக் கணக்கை யுபிஐ செயலியோடு இணைக்காமல் விட்டுவிடுவதும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு குறையும் உண்டு. பிள்ளையின் படிப்புக்கு என்று பெயரிட்ட வைப்புத்தொகையைத் தொட மனமில்லாமல், ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி தரும் அந்தப் பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மாதத்துக்கே 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்கும் கடன் அட்டைப் பாக்கியை ஆண்டுக்கணக்கில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரிட்ட பணத்தை மனம் காவல் காக்கிறது. இரண்டு வட்டிகளையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு தாளும் பேனாவும் தேவைப்படுகின்றன.