அந்தக் கம்பி ஏன் 49 சென்டிமீட்டர்?

2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு ஆர்வலர்களின் வானொலி) பெங்களூரு மாணவர்களோடு பேசினார். அதைப் படித்த அல்சூர் வாசகர் ஒருவர், “என் ரேடியோ ஸ்கேனரில் (அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் கருவி) வெறும் இரைச்சல்தான் வருகிறது. நல்ல ஆன்டெனா வாங்கட்டுமா?” என்று கேட்கிறார். வாங்க வேண்டாம், செய்துகொள்ளலாம்.

நிலையத்தின் குரல் வருவது 145.8 மெகாஹெர்ட்ஸில். ஒளியின் வேகம் விநாடிக்கு 300 மில்லியன் மீட்டர்; அந்த 300-ஐ 145.8-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.06 மீட்டர், அதில் கால்பங்கு 51 சென்டிமீட்டர். ஏன் கால்பங்கு?

அலை வந்து கம்பியிலுள்ள எலக்ட்ரான்களை மேலே தள்ளுகிறது. எலக்ட்ரான்கள் அசைவது துளிதான். அந்தத் தள்ளல்தான் நுனிவரை ஓடுகிறது. நுனியில் வழியில்லை, திரும்புகிறது. போக அலையின் கால் சுற்று, வரக் கால் சுற்று, மொத்தம் 3.4 நானோ விநாடி. இதற்குள் வானத்து அலையும் திசை மாறி, கீழ்நோக்கித் தள்ள ஆரம்பித்திருக்கும். திரும்பி வருகிற ஊஞ்சலை, வந்த கணத்தில் பிடித்து உந்திவிடுவது போலத்தான். ஒவ்வொரு உந்தலும் முந்தையதோடு சேர்கிறது, கம்பியின் அடியில் மின்னோட்டம் பெருகுகிறது. நீளம் தப்பினால் உந்தலும் பிசகும். நுனியில் மின்னேற்றம் தேங்குவதால் கம்பி உள்ளதைவிடச் சற்று நீளமானதுபோல நடந்துகொள்ளும்; அதனால் 5 சதவீதம் குறைத்து 49.

பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எஸ்ஓ-239 சாக்கெட் (ஆன்டெனா கேபிளை மாட்டும் பொருத்தி) ஒன்று வாங்குங்கள். நடு முனையில் 49 செ.மீ. செப்புக்கம்பியை நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் 51 செ.மீ. கம்பிகளைத் திருகி, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து விடுங்கள். இவைதான் தரைக்குப் பதிலாக நிற்பவை. படுக்கையாக விட்டால் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு ஆன்டெனா காட்டும் தடை) 50 ஓமுக்கு வெகு கீழே நிற்கும். சாய்த்தால் 50-ஐ நெருங்கும், கேபிளோடு பொருந்தும். அவ்வளவுதான். பள்ளிகள் பெரிய திரைகளுக்குச் செலவழிப்பதில் ஒரு துளி இந்தக் கம்பிக்குப் போகலாம் என்பது என் கட்சி.

மொட்டைமாடியில் இதை நட்டால் கதிர்வீச்சு வரும் என்று அசோசியேஷனில் யாராவது கிளம்புவார்கள். கேட்கிற ஆன்டெனா எதையும் பரப்புவதில்லை. கம்பி இல்லாவிட்டாலும் அந்த அலைகள் அங்கே இருக்கத்தான் செய்யும். மின்னலைச் சொன்னால் மட்டும் அது நியாயம். ஏப்ரல், மே மாலைகளில் இடி கேட்கும் முன்பே கேபிளைக் கழற்றி, ஆன்டெனாவை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம், நிலையத்தில் எந்நேரமும் பேச்சு இருக்காது. தலைக்கு மேல் கடப்பதும் ஏறக்குறைய பத்து நிமிடம்தான். நேரம் பார்த்து ஸ்கேனரைப் போடுங்கள்.