ஹேண்டில்பார் டேப்பில் அவலரக்கு: பூசி முடித்த பிறகு கவனிக்க வேண்டியவை

பழைய நெடுந்தூர சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் பருத்தி டேப்பைச் சுற்றி, அதன்மேல் ஷெல்லாக் எனப்படும் அவலரக்கைப் பூசும் வழக்கம், பழைய சைக்கிள்களைப் புதுப்பிக்கும் ஆர்வலர்களிடையே இன்றும் இருக்கிறது. பூசிய டேப் வியர்வையையும் மழையையும் எளிதில் உறிஞ்சாது, அழுக்கு ஏறாது, நூல் பிரியாது. இதைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் நான் காண்பது, பூச்சில் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூடப் பலர் பிறகு செய்யும் துப்புரவில் காட்டுவதில்லை என்பதே.

அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து கிடைக்கும் அவலரக்கு, மாத்திரைகளின் மேற்பூச்சாகவும் பயன்படும் அளவுக்குப் பாதுகாப்பானது. ஆபத்து அதைக் கரைக்கும் ஸ்பிரிட்டில்தான், அதாவது பெரும்பகுதி எத்தனால் என்னும் ஆல்கஹாலாக உள்ள திரவத்தில்தான், இருக்கிறது. எத்தனால் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும் என்பதால், நம் ஊர் வெப்பத்தில் திறந்து வைத்த புட்டி எந்த மாதத்திலும் ஆபத்தானதே. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, சற்றுத் தள்ளி எரியும் விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும். ஸ்பிரிட்டின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விரைவில் கரையட்டும் என்று அடுப்பில் வைத்துச் சூடாக்குவதை அறவே தவிர்த்து, முந்தைய இரவே ஊற வைத்துவிடுங்கள். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். ஆகவே கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும்.

பூசும் முறை எளிது. லிட்டருக்குச் சுமார் 240 கிராம் அவலரக்கு என்பது வழக்கமான கலவை. முதல் பூச்சுக்கு அதில் பாதி அடர்த்தி போதும், டேப் அதை நன்றாகக் குடிக்கும். பிரேக் லீவரின் ரப்பர் உறையை மடித்துவிட்டு, சக்கரங்களை, குறிப்பாக ரிம்மையும் டிஸ்க்கையும், துணியால் மூடிய பிறகே பிரஷ்ஷை எடுக்க வேண்டும். மூன்று நான்கு பூச்சுகளுக்கு மேல் போனால் கைப்பிடி வழுக்கத் தொடங்கும். நீல டேப் பச்சை சாயலுக்கு மாறும் என்பதை முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன். மழைநாளில் பூச்சு வெண்மையாகப் படர்ந்தால், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இனி துப்புரவு. மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தண்ணீர் பட்டவுடன் அரக்கு ஸ்பிரிட்டைவிட்டுப் பிரிந்து, வெண்மையான பிசினாகத் திரண்டு குழாயை அடைக்கும். ஆவியும் சாக்கடைக்குள் தேங்கும். பிரஷ்ஷைச் சிறிது ஸ்பிரிட்டில் அலசிய பின், சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊற வைத்தால் எஞ்சிய அரக்கு கரைந்துவிடும். காரத்தில் கரைவது அதன் இயல்பு. ஆனால் அதே சோடா நீரை ஹேண்டில்பாரின் மேல் கொண்டுபோகக் கூடாது. அலுமினியத்தைக் காரம் அரித்து மங்கச் செய்துவிடும். அங்கே சிந்திய துளிகளை ஸ்பிரிட் தொட்ட துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஃபிரேமின் பெயிண்டில் பட்டிருந்தால், மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே துடைக்க வேண்டும். சோடாவுக்குப் பதிலாக அம்மோனியா பயன்படுத்துவோர், அதனுடன் ப்ளீச்சிங் திரவம் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சு வாயு உண்டாகும். ஸ்பிரிட் ஊறிய துணிகளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாமல், திறந்த வெளியில் விரித்துக் காயவிட்ட பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

மீந்த கரைசலைக் கண்ணாடிப் புட்டியில், தேதியும் பொருளின் பெயரும் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குளிர்பானப் புட்டி வேண்டவே வேண்டாம்; தேன் நிறத்தில் இருக்கும் திரவத்தைக் குழந்தை என்னவென்று அறியும்? இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும் என்பதால் தகர மூடியும் ஆகாது. சில மாதங்கள் பழகிய கரைசலை மறுபடியும் பூசுமுன் கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். மறுநாளும் நகம் பதியும் அளவுக்குப் பிசுபிசுத்தால், அதை டேப்பில் பூசாமல் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.